கடிகாரத்துக்கு மேலே ஒரு சுழி

எனக்குப் பொறுமை கிடையாது. என் கல்லூரியில் யாரைக் கேட்டாலும் இதை முதலில் சொல்வார்கள், பிறகுதான் நான் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள் என்பார்கள். ஒரே வேலையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்துவிட்டு, இரண்டுமே சரி என்று சாதித்தால் எனக்குத் தலைக்கு ஏறிவிடும். பாளையங்கோட்டையில் நரம்பியல் மருத்துவராக இருக்கும் என் பள்ளித் தோழி ஒரு நாள் அப்படிப்பட்ட விஷயம் ஒன்றை என் முன்னால் கொண்டுவந்து போட்டாள்.

மறதி என்று அவளிடம் வருகிறவர்களுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொல்வார்கள். வட்டம் போட வேண்டும், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அதனதன் இடத்தில் எழுத வேண்டும், மணி பதினொன்று பத்து என்று முள் வைக்க வேண்டும். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு போல இருக்கும். ஆனால் மூளையில் எங்கேயாவது கோளாறு தொடங்கியிருந்தால் அந்த வட்டத்துக்குள் அது தலைகாட்டிவிடும். எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பத்து நிமிடத்துக்கு முள் வைக்கச் சொன்னால், இரண்டைக் காட்டுவதற்குப் பதிலாகப் பத்து என்ற எண்ணுக்கே நேராக முள்ளை இழுத்துவிடுவார்கள். இதையெல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது வழக்கம். சிக்கல் என்னவென்றால், அவளுடைய மருத்துவமனையில் காலையில் வேலை பார்க்கும் பெண் ஏழு போட்ட அதே படத்துக்கு மாலையில் வேலைக்கு வருகிறவர் ஐந்து போடுவார்.

"நீ கம்ப்யூட்டர்காரிதான? இதுக்கு ஒரு வழி பண்ணு. ஆளுக்கு ஆள் மாறாத மார்க் வேணும் எனக்கு," என்றாள் தோழி.

பண்ணிக் காட்டுகிறேன் என்று சவடாலாகச் சொல்லிவிட்டு வந்தேன். பண்ணவும் செய்தேன். செல்போனில் தாளைப் படம் எடுத்தால் போதும். நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அந்தப் படத்தை நேராக்கி, நிழலை நீக்கி, மையை மட்டும் கருப்பாக எடுத்துக்கொள்ளும். கடிகாரம் எது, அதன் நடுப்புள்ளி எங்கே, எந்த எண் எங்கே நிற்கிறது, முள் எந்தக் கோணத்தில் போகிறது என்று அளந்து கடைசியில் மார்க்கைச் சொல்லும். அதற்குப் பழக்கிக் கொடுக்க எனக்கு நிறையப் படங்கள் தேவைப்பட்டன. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் விட்டுவைத்திருந்த படங்களை இறக்கிக்கொண்டேன். எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வரைந்த கடிகாரங்கள். அவற்றில் நிரல் அருமையாக வேலை செய்தது. தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

நம்மூர் ஆள் ஒருவரை வைத்துப் பார்ப்போம் என்று முதலில் உட்காரவைத்தது என் அக்காவை. அக்கா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். என் கணவர் காலமான பிறகு நானும் அவளோடு வந்து சேர்ந்துகொண்டேன். இருவருக்கும் சேர்த்து ஒரு வீடு, ஒரு சமையல், நாள் முழுக்கச் சண்டை. அவளை உட்காரவைத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. கொஞ்ச நாளாக அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாள், தொட்டி நிறைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடும். பெருமாளைச் சேவிக்க நாங்குநேரிக்குப் பஸ் ஏறியவள், அங்கே இறங்காமல் வள்ளியூரில் போய் இறங்கி எனக்குப் போன் செய்தாள். கேட்டதற்கு, பஸ்ஸில் உறங்கிவிட்டேன் என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிதானமாக வரைந்து கொடுத்தாள். நான் படம் எடுத்தேன். நிரல் ஐந்து என்றது.

"என்ன சொல்லுது ஒன் மிஷினு?"

"அஞ்சுன்னு சொல்லுதுக்கா."

"அஞ்சா? வேலைல இருந்த காலம் பூரா முத்திரைல தேதியும் நேரமும் திருப்பித் திருப்பி வச்சவ நான். எனக்குக் கடியாரம் தெரியாதாக்கும்? ஒன் மிஷினுக்குத்தான் மண்டைல கோளாறு. போ, போயி அதுக்கு வைத்தியம் பாரு."

நானும் சிரித்து வைத்தேன். படத்தை என் கண்ணால் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் கண்ணை நம்பக் கூடாது என்றுதானே அந்த நிரலையே எழுதினேன். நான் எழுதியது ஐந்து என்கிறது, வள்ளியூரும் மோட்டாரும் அதற்கு ஆமாம் போடுகின்றன. அன்றிலிருந்து அக்கா சாவியைத் தேடினாலும் பயம், பேச்சுக்கு நடுவில் ஒரு சொல்லுக்குத் தடுமாறினாலும் பயம். அவளுக்கு ஒன்று என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட வந்து நின்றது.

அப்படி இருக்கும்போதுதான் தோழி சீவலப்பேரியில் ஒரு முகாம் வைத்தாள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இந்தச் சோதனை ஆகாது, பேனா பிடித்துப் பழகியவர்களுக்கு மட்டும்தான் என்று அவள் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒருவர் பின் ஒருவராக வரைந்து கொடுக்க, நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். காம்பஸ் வைத்ததுபோல் வட்டம், அச்சடித்ததுபோல் எண்கள், முள்ளும் சரியான இடத்தில். நிரல் நாலு என்றது. எட்டிப் பார்த்துவிட்டார்.

"யம்மா, நாலு மார்க்கா? நான் கணக்குல கோட்டை விட்டதே கிடையாது. என்ன தப்புன்னு காட்டுங்க, திருத்திக்கிடுதேன்."

தோழி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க நல்லாப் போட்டிருக்கீங்க. தப்பு எங்க பக்கம்," என்று அவரை அனுப்பிவைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை. அன்று வந்த படங்களை ஒன்றுவிடாமல் இருவரும் புரட்டினோம். நல்ல படங்களில் பலவற்றுக்கு நாலும் ஐந்துமாக விழுந்திருந்தது. சிலவற்றுக்கு மட்டும் சரியாக ஒன்பது, பத்து. எதனால் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆற்றையும் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை. மடியில் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு, இதைக் கண்டுபிடிக்காமல் இன்று சோறு கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வேலையைத் தொடங்கினேன். கடிகாரம் என்று நீ எதைப் பார்க்கிறாய், அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போட்டுக் காட்டு என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். வட்டத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் அது சதுரமாக இருக்க வேண்டும். அண்ணாச்சியின் படத்தில் அது நெட்டையாக நின்றது. கீழ்க்கோடு வட்டத்தின் அடியில் சரியாக இருந்தது. மேல்கோடோ வட்டத்தையெல்லாம் தாண்டித் தாளின் உச்சிவரை போயிருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தேன்.

பிள்ளையார் சுழி.

சின்னதாக ஒரு சுழி, கீழே இரண்டு கோடு. அடுத்த படத்தைத் திறந்தேன், அதிலும் சுழி. இன்னொன்றில் உச்சியில் 786, வரைந்தவர் முஸ்லிம். இன்னொன்றில் சிறிய சிலுவை. எதுவும் போடாமல் நேரே வரைந்தவர்களுக்கு மட்டும்தான் மார்க் சரியாக விழுந்திருந்தது. தாளில் உள்ள மை முழுவதையும் கடிகாரம் என்று நிரல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அது கண்டுபிடித்த நடுப்புள்ளி மேலே ஏறிப்போய், பன்னிரண்டு எண்களும் இடம் தப்பி நிற்கின்றன, முள்ளும் நடுவிலிருந்து தொடங்கவில்லை என்று மார்க்கைக் குறைத்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் தாளின் உச்சியில் எதையும் போடுவதில்லை, அவர்களிடம் பழகிய நிரலுக்கு நம்மூர் வழக்கம் எப்படித் தெரியும்? அதைவிடக் கூத்து, என் கண்ணுக்கும் அது தெரியவில்லை. நானே பரீட்சைத் தாளில் சுழி போட்டு எழுதி வளர்ந்தவள். தாள் என்றால் மேலே அது இருக்கும் என்று பழகிப்போய், அதைப் பார்ப்பதையே கண் விட்டிருந்தது.

சட்டென்று அக்காவின் படத்தைத் திறந்தேன். உச்சியில் அழகான சுழி, இரண்டு கோடு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னட்டி, தனியா ஒக்காந்து சிரிச்சுக்கிட்டு கெடக்க?" என்று அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மார்க் போடுவதற்கு முன்னால் வட்டத்துக்கு மேலே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று நிரலுக்கு ஒரு வரி எழுதினேன். அக்காவுக்கு ஒன்பது வந்தது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். ஏன் என்று சொன்னதும் அவள் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"அப்பம் பிள்ளையார்தான் என் மார்க்கைக் கொறச்சாரா? ஒன் மிஷினு சாமியக் கண்டா மெரளுதாக்கும். நல்ல மிஷினு செஞ்ச போ."

சுழி விஷயத்தில் அக்காவை யாரும் மிஞ்ச முடியாது. பலசரக்குச் சீட்டு, கேஸ் புத்தகம் வைக்கிற உறை, பக்கத்து வீட்டுக்கு எழுதி ஒட்டுகிற துண்டுத்தாள், எதுவானாலும் சுழி இல்லாமல் ஆரம்பிக்க மாட்டாள். வேலையில் இருந்தபோது அரசாங்கப் படிவத்தில் போட முடியாதே என்று, பேனா மூடியைத் திறப்பதற்கு முன்னால் அதன் முனையால் தாளுக்கு மேலே காற்றில் ஒரு சுழி சுழித்துவிட்டுத்தான் எழுதுவாளாம். வீடு தீப்பிடித்தால்கூடச் சுழி போட்டுவிட்டுத்தான் தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிப்போடுவாய் என்று கேலி செய்வேன். எழுதிப்போட்டா தபால் சரியா போய்ச் சேந்திரும்லா என்பாள்.

மருத்துவமனையில் நிரல் நன்றாக ஓடியது. காலையில் எடுத்தாலும் மாலையில் எடுத்தாலும் ஒரே மார்க். தோழி ஒரு வழியாக என்னைப் பாராட்டினாள். ஐந்து பொய் என்று ஆனதும், வள்ளியூரில் இறங்கியதும் உறக்கத்தால்தான் என்று என் மனதில் ஆகிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிரலில் சில திருத்தங்கள் செய்திருந்தேன். சரிபார்க்கப் புதிதாக ஒரு படம் வேண்டியிருந்தது. மழையில் எங்கே போக, அக்காவிடமே தாளைக் கொடுத்தேன். வட்டம், எண்கள், முள் எல்லாம் முன்பு வரைந்ததைவிடச் சுத்தமாக வந்திருந்தன. நிரல் பத்து என்றது.

"பத்துக்கா! முழுசா பத்து."

"பெறவு? சும்மாவா?"

படத்தைச் சேமிப்பதற்கு முன்னால் நிரல் இரண்டு படங்களை அருகருகே காட்டும். ஒன்று வரைந்தபடி, இன்னொன்று மேலே அழித்த பிறகு. நம்மூர் ஆட்கள் வரைந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் உச்சியில் வித்தியாசம் இருக்கும். இப்போது இரண்டும் ஒன்றாக இருந்தன. முதலில் நிரல்தான் ஏதோ கோளாறு செய்கிறது என்று நினைத்தேன். மேஜையில் கிடந்த தாளைப் பார்த்தேன். உச்சி வெறுமையாக இருந்தது.

உடனே ஒரு நல்ல காரணம் தோன்றியது. நிரலுக்குத் தொந்தரவு என்று நான்தானே சொன்னேன், அதனால் எனக்காக விட்டிருப்பாள்.

"அக்கா, மிஷினு மெரளும்னு விட்டுட்டியா?"

"எத?"

"மேல ஒண்ணு போடுவியே, அத."

"எங்க மேல?" தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "பேரு எழுதணுமோ?" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. திரையில் பச்சை எழுத்தில் பத்து என்று நிற்கும் அந்த எண்ணை அப்படியே பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. என் முகத்தைப் பார்த்து அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, என்னன்னு சொல்லு. நான் என்ன பச்சப்பிள்ளையா?"

சொன்னேன். பிள்ளையார் சுழி போடவில்லை, என்ன என்று கேட்டும் உனக்கு நினைவு வரவில்லை என்று நேராகவே சொன்னேன். அவளிடம் சுற்றி வளைத்து எனக்குப் பழக்கமில்லை. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வள்ளியூர்ல எறங்கினேம்லா," என்றாள் கடைசியில், "ஒறங்கல்லாம் இல்லட்டி. முழிச்சுத்தான் இருந்தேன். நாங்குநேரின்னு கண்டக்டர் கத்துனாரு. எனக்கும் கேட்டுது. ஆனா நான் அங்கன எறங்கணும்ங்கிறது தோணவே இல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு ஒன் சிநேகிதிட்டப் போவோம்," என்றாள். "அந்தப் பத்து மார்க்க நம்பி வீட்ல இருக்காண்டாம்."

மறுநாள் தோழி படத்தைப் பார்த்துவிட்டு, "பத்துக்குப் பத்து வாங்கிட்டு இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள். நான் சுழியைப் பற்றிச் சொன்னேன். அவசரத்தில் யாரும் விடுவதுதானே என்றாள். என் அக்கா அவசரத்தில் விடுகிறவள் இல்லை, நான் எழுதிய நிரலைவிட எனக்கு அக்காவை நன்றாகத் தெரியும், விரிவாகச் சோதித்துப் பார்க்காமல் இந்த அறையை விட்டுப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். என் குணம் தோழிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். பெருமூச்சு விட்டுவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்து அக்கா முன்னால் வைத்தாள்.

அக்கா பேனாவை எடுத்தாள். வட்டம் போடப் போனவள் நிறுத்தினாள். தாளின் உச்சியில் பேனா முனை கொஞ்ச நேரம் நின்றது.

"ஏட்டி, நேத்து என்னவோ சொன்னியே, மேல போடணும்னு. அது என்னது?"

தோழி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். ஒரே ஒரு சொல், நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் அக்காவின் முகம் தெளிந்துவிடும், சோதனை வீணாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் பொறுமையாக இருந்த நேரம் அதுதான். அக்கா, சரி, வரும்போது வரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வட்டத்தை வரைந்தாள். அதற்கும் நிரல் பத்துதான் போட்டது.

பிறகு நடந்த சோதனைகள் நீண்டன. சில சொற்களைச் சொல்லி, கொஞ்சம் பேச்சுக் கொடுத்துவிட்டு அவற்றைத் திருப்பிக் கேட்டபோது அக்காவுக்கு ஒன்றுகூட வரவில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து தோழி எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். மறதி நோய்தான், ஆனால் ஆரம்பம். நன்றாகப் படித்தவர்களுக்கு, அதுவும் அக்காவைப் போல நாள் முழுக்க மணி பார்த்து வேலை செய்தவர்களுக்கு, இந்தக் கடிகாரம் வெகு நாளைக்குச் சரியாகவே வரும். அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டு, பலர் மிகவும் பிந்தித்தான் வருகிறார்கள். மருந்து இருக்கிறது, நோயை நிறுத்தாது, மெதுவாக்கப் பார்க்கலாம்.

"பைய வரட்டும்," என்றாள் அக்கா. "நமக்கு என்ன அவசரம்?"

அன்று மாலையே நிரலைத் திறந்தேன். வட்டத்துக்கு மேலே உள்ளதை அழி என்று நான் எழுதியிருந்த வரியைத் தூக்கினேன். உச்சியில் இருப்பதைத் தனியாக வெட்டி எடுத்துப் பத்திரமாக வை, அதற்கு மார்க் போடாதே, அதே ஆள் அடுத்த தடவை வரும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டு என்று புதிதாக எழுதினேன். சுழியோ 786-ஓ சிலுவையோ, அது இருந்ததா, இப்போது இருக்கிறதா என்பதை ஒரு மனிதக் கண் பார்க்கட்டும். மாறாத மார்க் கேட்ட தோழியும் இதற்குச் சரி என்றாள்.

வீட்டில் அக்கா எனக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறாள். "நான் மறந்தா நீ எடுத்துக் குடுக்காத. நானா போடுதேனான்னு மட்டும் பாரு. போடலன்னா படம் எடுத்து ஒன் சிநேகிதிட்டக் காட்டு. பாவம் பாத்தேன்னா தெரியும்." அவளுக்கும் பொறுமை கிடையாது, எங்கள் குடும்ப வாகு அது. இதுவரை அவள் சொன்னபடியே நடந்துவருகிறேன்.

இன்று காலை பலசரக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். நான் காப்பித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்தேன். மேலே ஒன்றும் போடாமல் துவரம்பருப்பு என்று ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. புளி, மிளகு, நல்லெண்ணெய் என்று ஒவ்வொன்றாக அந்த அழகான கையெழுத்தில் இறங்கி வந்தாள். முடித்துவிட்டுப் பேனாவை மூடவில்லை, சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ குறைகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு மெதுவாகக் கடைசி வரிக்குக் கீழே ஒரு சுழி போட்டாள், அதன் அடியில் இரண்டு கோடும் போட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வந்துட்டுல்லா?" என்றாள்.

"வந்துட்டுக்கா," என்றேன்.

அவள் சொன்னபடி படம் எடுத்துக்கொண்டேன். என் நிரலுக்குத் தாளின் உச்சியில் தேடத்தான் தெரியும், அடியில் தேடத் தெரியாது. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.